நிர்மலாதேவி வீட்டுத் தாடி ஓணான்

மலேசியாவில், ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை வீடொன்றில் ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தாள் நிர்மலாதேவி. கணவன் தனபாலன் லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் பினாங்கு சாலையில்தான் இருப்பான். தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலாக்கா டவுனிலிருந்து கண்ணாடித் தொட்டியோடு வந்தான். உள்ளே உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பிராணி.

"ஆஸ்திரேலியா ஓணான் தேவி. கோவம் வந்தா தாடி கருத்துப் போயிடும். பேரு டைகர். ஜன்னலோரம் வச்சு, பூச்சி போட்டா போதும்லா."

மறுநாள் அவன் லாரி ஏறிவிட்டான். பூச்சி வேலை அவள் தலையில் விழுந்தது.

பறவைக் கடையில் உயிரோடு சில்வண்டு வாங்கி வந்தாள். பெட்டி மூடி நழுவி, பாதி வண்டுகள் தையல் துணிக்குள் புகுந்துகொண்டன. அதே தெரு மீனம்மா அக்கா தைக்கக் கொடுத்திருந்த கல்யாணப் பட்டில் பொத்தல் விழுந்தது.

"ஓணானுக்குத் தீனி வாங்கிட்டு, அதுக்கு எம் பட்டா தீனி?" என்று கத்திய மீனம்மா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் துணி தைக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் வரவே யோசித்தார்கள்.

இதற்கிடையில் டைகர் தீனியைத் தொடாமல் கிடந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. அந்த நேரம் பார்த்துத் தனபாலனிடமிருந்து போன் வந்தது.

"டைகர் சாப்பிட்டானா?"

"நான் சாப்பிட்டேனான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" போனை அடித்து வைத்தாள்.

கோபம் இருந்தாலும், கண்ணெதிரே ஒரு உயிர் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. கூடையில் போட்டு மாட்டு டாக்டரிடம் தூக்கிப்போனாள். கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, நேர் வெயில் படாமல் எலும்பு மெலிந்துவிட்டது என்றார் அவர். ஜன்னலோரம் வைத்தால் போதுமென்று தனபாலன் சொன்னதை நம்பியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தையலை ஒரு நாள் நிறுத்திவிட்டு, கோழிக் கம்பி வாங்கி, கை கிழியக் கிழியக் கூண்டு கட்டினாள். காலையில் வெயிலில் வைப்பாள். மழை இருட்டினால் மெஷினை விட்டு ஓடுவாள். மருந்து ஊட்டினாள். மெல்ல மெல்ல டைகர் தின்னத் தொடங்கியது. நடுக்கம் நின்றது. ஒரு கால் மட்டும் கோணலாகவே தங்கிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு நாள் தனபாலன் வந்தபோது கையில் இன்னொரு பெட்டி.

"பாவம், தனியா இருக்கான்லா. ஜோடிக்கு ஒண்ணு..."

நிர்மலாதேவி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லாரியின் கதவைத் திறந்து, அதை அவன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத நீங்க வளத்துக்கங்க. பினாங்குல வெயில் நல்லா அடிக்குமாம்."

தனபாலன் அசடு வழிய நின்றான். அன்று மாலையே மலாக்காவுக்குப் போய், அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.