செஞ்சியாற்றுப் பனியில் சீர்க்கூடை

கார்த்திகை தீபத்துக்கு என் நாத்தனாருக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். அந்த வருடம் என் ஸ்கூட்டரிலேயே போவது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். வீட்டுக்காரருக்கு அது தெரியும். அவருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நான் லாஸ்பேட்டையிலிருந்து ஆபீசுக்கு ஸ்கூட்டரில் பறப்பேன். என் பின்னால் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"பஸ்ஸுல போயிடலாமே."

"கூட்டத்துல பொரியுருண்டை எல்லாம் நொறுங்கிப் போவட்டுமா?" என்றேன். அவர் பொரியுருண்டைகளைக் கூடையில் அடுக்க ஆரம்பித்தார்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். வில்லியனூர் தாண்டியதும் பனி மூடிவிட்டது. செஞ்சியாறு பக்கத்திலேயே வந்தாலும் கண்ணில் படவில்லை. வயல், கரை, பனைமரம் எதையும் காணோம். மதகில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. லாரிகள் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தன. எனக்குப் பயமே இல்லை. முகமெல்லாம் ஈரமாகி, விரல் விறைத்து, அப்படியொரு சந்தோஷம். பாட்டுக்கூடப் பாடினேன். பின்னால் அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார்.

ஊர் நெருங்கியதும் வாய் திறந்தார்.

"பாலம் தாண்டுனதும் நிறுத்து. பஸ் ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். பஸ்ல வந்தமாரி நடந்து வந்துடறேன்."

"அப்ப நானு?"

"நீ வண்டியில வந்தமாரி வா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பின்னால குந்தனா உங்களுக்கு மானம் போயிடுமா?"

"எனக்கில்ல. பொண்டாட்டி பின்னால குந்திக்கினு சீர் கொண்டாந்தான்னு அக்காவோட மாமியா வருசம் பூரா சொல்லிக்காட்டும். அக்காதான் வாங்கிக் கட்டிக்கணும்."

அந்த மாமியாரை எனக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போனதற்கு, அந்தச் சைக்கிளையே விற்கவைத்த பொம்பளை. வண்டியை நிறுத்தினேன்.

அவர் கூடையோடு இறங்கி இரண்டடி வைத்திருப்பார். பனிக்குள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நாத்தனாரே நின்றிருந்தார். தம்பியை எதிர்கொண்டு அழைக்க பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கிறார்.

"பஸ்ஸே இன்னும் வரலியேடா, நீ எப்படி வந்த?"

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய் தம்பியின் வாயில் வரவில்லை. "இவதான்க்கா ஓட்டிக்கினு வந்தா" என்றார், தரையைப் பார்த்தபடி.

நாத்தனார் கிட்டே வந்து ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தார். ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏறுடா" என்றார். "எங்கூட்டு வாசல் வரைக்கும் இப்பிடியே வா. அந்த அம்மா பாக்கட்டும்."

"அக்கா, அப்பறம் உனக்குத்தான்—"

"நான் பாத்துக்கறேன். ஏறு."

நாத்தனார் முன்னால் நடக்க, அவர் நடைக்குத் தகுந்தபடி நான் மெல்ல ஓட்டினேன். வாசலில் மாமியார் கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்:

"ஆரன் அடி."