உப்பளத்தில் இரும்பு தேடினோம்

மாமாவுக்கு வலிப்பு வந்த அன்று, மரக்காணம் உப்பளத்தில் இரும்பு தேடி ஓடியவர்களில் நானும் ஒருத்தி. அதைப் போன்ற வெட்டி வேலை வேறு கிடையாது. உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் அங்கே வாருகிற பலகை மரம், அதன் கைப்பிடி மூங்கில், சுமக்கிற கூடைகூடப் பிளாஸ்டிக்.

அன்று பள்ளி விடுமுறை. அம்மாவின் தம்பியான மாமா, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. வரப்பில் சாய்ந்தவருக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. மாமா செத்துப்போகிறார் என்றே நினைத்தேன். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா மாமாவின் கால்மேல் ஏறி உட்கார்ந்தார். பக்கத்துப் பாத்திக்காரர், பல்லுக்கு நடுவில் கொடுக்க மூங்கில் குச்சி ஒன்றை ஒடித்தார்.

"கால வுடுங்கண்ணா! வாயில எதுவும் வெக்காதீங்க!" என்று அத்தை கத்தினாள். மாமாவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுப்பெண் பேச்சை யார் கேட்டார்கள்?

"கையில இரும்பு குடும்மா, நின்னுடும்" என்றார் பாத்திக்காரர்.

அத்தை அவரை ஒரு நொடி பார்த்தாள். "ஆமாங்க, இரும்புதான் வேணும். எல்லாரும் போய்த் தேடுங்க, ஓடுங்க!"

அவ்வளவுதான், ஆளுக்கொரு திசையில் ஓட்டம். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், துருவேறி இற்றுப்போன ஒரு போல்ட் என் கண்ணில் பட்டது. புதையல் கிடைத்த மாதிரி தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அதற்குள் இழுப்பு நின்றிருந்தது. அத்தை மாமாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்திருந்தாள். கையில் செல்போன். இந்த நேரத்தில் செல்போன் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குக் கோபம். இழுப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவள் மணி பார்த்திருக்கிறாள். மாமாவுக்கு முன்பே ஒருமுறை வந்ததும், டாக்டரிடம் எல்லாவற்றையும் அவள் கேட்டு வைத்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது.

மாமா மெதுவாகக் கண் திறந்தார். "ஒண்ணுமில்லங்க, நாந்தான் இருக்கேன்" என்றாள் அத்தை. நான் போல்ட்டை அவர் கையில் திணித்தேன். வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்த வெச்சி நான் என்னா பண்றது?" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. மாமாவோடு ஏறிய அத்தை, "அண்ணா, அவரு வண்டிய எடுத்தாந்துடுங்க" என்று அப்பாவிடம் சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவிக்கொத்தை நீட்டினாள். மாமா விழுந்ததுமே, குத்திவிடப் போகிறதென்று அவர் பையிலிருந்து எடுத்து முடிந்துகொண்டதாம். வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, கொட்டகைச் சாவி என்று கைநிறைய இரும்பு.

பாவம் அத்தை, பயத்தில் அது தன்னிடம் இருப்பதையே மறந்து எங்களை ஓடவிட்டாள் என்று வீடு வந்து சேரும்வரை அவளுக்காக வருத்தப்பட்டேன்.