மல்லாட்டைத் தராசில் என் தம்பி

தந்தியை நான்தான் படித்துச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிறவன் என்பதால் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். மாநிலப் போட்டியில் முதலில் வந்த பையனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவன் புறப்பட்டு வரவும். டெல்லியில் சர்வதேச ஜூனியர் மல்யுத்தம். நாற்பத்தெட்டுக் கிலோ பிரிவு. இரண்டாவதாக வந்தவன் என் தம்பி. பதினேழு வயது.

"நாப்பத்தெட்டா?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

எண்பதுகள் தொடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. புறப்படக் கையில் பதினோரு நாள். அவன் உடம்போ ஐம்பதில் நின்றது. டெல்லி எவ்வளவு தூரம், அங்கே குளிருமா, எதிரில் வருகிறவன் எந்த நாட்டுக்காரன் என்று நான் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தபோது அவன் தன் வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கிலோ. அவ்வளவுதான் அவனுக்கு உலகம்.

எடை பார்க்க நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் நைனா மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம், நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மண்டித் தராசில் ஆள் ஏறி நிற்கும் அளவுக்கு இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் பித்தளைத் தண்டு, தண்டின்மேல் நகரும் ஒரு குண்டு. மூட்டை ஏறியதும் நைனா குண்டை விரல் நுனியால் தள்ளுவார். தண்டு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கி நிற்கும். நிற்கும் இடம் எதுவோ அதுதான் ஒரு குடும்பத்தின் ஆறு மாதம்.

அந்தக் குண்டின் வயிற்றில் ஈயம் ஊற்றியிருந்தது. நூறு கிலோ ஏற்றினால் தொண்ணூற்றேழு காட்டும். ஊற்றியவர் மண்டி முதலாளி. தள்ளியவர் நைனா. எட்டு வயதில் விளையாட்டாக அந்தக் குண்டைக் கழற்றப் போன என் கையை அவர் தட்டிவிட்ட வேகத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சோற்றில் அகப்பட்ட கல்லை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவதுபோல் அதை ஓரமாக வைத்துவிட்டு வளர்ந்தோம்.

பதினோரு நாளும் தம்பி உப்பில்லாத கஞ்சி குடித்தான். மத்தியான வெயிலில் பனியன் மேல் கம்பளி, கம்பளி மேல் நைனாவின் மழைக்கோட்டு. அப்படியே மலையைச் சுற்றி ஓடுவான்; நான் சைக்கிளில் பின்னால். பதினான்கு கிலோமீட்டரும் ஊர் அவனைப் பார்த்தது. வேண்டுதலுக்குக் கிரிவலம் ஓடுகிறான் என்று நினைத்தவர்கள் வழி விட்டார்கள். ஒரு அம்மாள் குடத்துத் தண்ணீரை அவன் காலில் ஊற்றிக் கும்பிட்டாள். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் ஒரு வாய் வாங்கினான், கொப்பளித்தான், அவள் முன்னாலேயே துப்பினான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினான். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவள் என்னைப் பார்த்தாள். விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

சாயங்காலம் கடைசி மூட்டை இறங்கியதும் தம்பி ஜட்டியோடு தராசில் ஏறுவான். வண்டி கட்டக் காத்திருக்கும் விவசாயிகள் சுற்றிக்கொள்வார்கள்.

"சாக்கு எடை கழிச்சீங்களா?" என்பார் ஒருவர்.

"தூசி ஜாஸ்தியா கீது. ஒரு கிலோ தள்ளிப் போடுங்க," என்பார் இன்னொருவர்.

அவர்கள் மூட்டைகளுக்குச் சொல்லப்படும் வார்த்தைகளையே திருப்பிச் சொன்னார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இந்தத் தராசுல ஏத்துனா எம் பொண்டாட்டிகூட எளச்சிடுவாப்பா," என்றார். மண்டியே சிரித்தது. நைனாவும் சிரித்தார். தம்பி குலுங்கிச் சிரித்ததில் தண்டு நிற்க வெகுநேரம் ஆனது.

நான் நைனாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நாப்பத்தொம்போதரை," என்றார். தண்டு காட்டியதைச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றரைக் கிலோ கூட்டிச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஆனால் சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். மகனுக்குக் கூட்டிச் சொன்னால், அந்த முப்பது பேரும் வீட்டுக்குப் போய் எத்தனை வருடத்து மூட்டைகளை நினைத்துப் பார்ப்பார்கள்? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள், சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள், குண்டையே மாற்றியிருப்பார் என்றுகூட நினைத்தேன். நினைக்கத்தான் எவ்வளவு வழி. வாயைத் திறக்க ஒரு வழியும் தெரியவில்லை.

கடைசி நாள் நாற்பத்தேழரை. "அரைக் கிலோ கம்மி," என்று நைனா சொன்னபோது யாரோ விசில் அடித்தார்கள். அம்மா அன்றைக்கு அரை டம்ளர் பால் கொடுத்தாள். தம்பிக்குத் துணையாக நானும் புறப்பட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவும் நைனாவும் வந்தார்கள். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நகரும்வரை நின்றார். "ஒடம்பப் பாத்துக்கோ," என்றார்.

சென்னை சென்ட்ரலில் காசு போட்டு ஏறும் எடை மெஷின் இருந்தது. கலர் விளக்குகள் சுழல, தம்பி சட்டை பேண்ட்டோடு ஏறினான். அட்டை விழுந்தது. ஐம்பது. பின்பக்கம், உங்களுக்கு நல்ல காலம் பிறக்கப்போகிறது என்று அச்சடித்திருந்தது.

"இந்த மெஷின் எல்லாமே பொய்ண்ணா," என்று சிரித்துவிட்டு அட்டையை என்னிடம் கொடுத்தான்.

சட்டையும் பேண்ட்டும் இரண்டரைக் கிலோ இருக்குமா? ரயில் முழுக்க அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன். வெயிலில் காய்ந்த மண், பெயர் படிக்க முடியாத ஊர்கள், ஆறு என்று சொல்லிக்கொள்ளும் மணல். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினான். அரைக் கிலோ கம்மிதானே, ஒன்று சாப்பிட்டால் என்ன என்றான். ஒவ்வொரு சுளையாக, கண்ணை மூடிக்கொண்டு, பதினோரு நாள் தாகத்தையும் அந்தச் சுளைகளுக்குள் வைத்துச் சாப்பிட்டான். வேண்டாம்டா என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பான். ஏன் என்பதற்குப் பதில் நைனாவின் பெயரில் தொடங்கும். எனக்கும் ஒரு சுளை நீட்டினான். வாங்கித் தின்றேன்.

டெல்லியில் இறங்கிய காலையிலேயே எடை. பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். நீளமான கூடத்தில் உலகத்துப் பையன்களெல்லாம் துண்டோடும் துண்டில்லாமலும் வரிசையில் நின்றார்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, எல்லார் முகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் முகம்போல் இருந்தது. ஒருவன் டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தான். இன்னொருவன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான்.

தம்பி ஏறினான். நாற்பத்தொன்பது கிலோ முந்நூறு.

மறுபடி ஏறினான். அதே முந்நூறு. அவன் தராசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

தமிழ்நாட்டுப் பையன்களைக் கூட்டிவந்திருந்த மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல எதுலப்பா வெயிட் பாத்தீங்க?"

"எங்க நைனாவே பாத்தாரு சார்," என்றான் தம்பி. அப்போதும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

ஓடினான். மழைக்கோட்டு, கம்பளி, அதன்மேல் என் சட்டை. மைதானத்தை எத்தனை சுற்று என்று தெரியாது. வேர்வை வருவது நின்றுபோய் உடம்பு அனலாய்க் காய்ந்தது. மேனேஜர் எங்கிருந்தோ ஒரு நாவிதரைக் கூட்டிவந்தார். சுவரோரம் உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். முடி கொஞ்சமாவது எடை இருக்கும் என்ற நம்பிக்கை. ஒன்பதரைக்கு நாற்பத்தெட்டு கிலோ எழுநூறு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்தெட்டு கிலோ நானூறு. மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். அதே நானூறு. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயர்ப் பட்டியலில் கோடு போட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

கேலரியில் போய் உட்கார்ந்தோம். தம்பி குழாயில் வாய் வைத்து எவ்வளவோ தண்ணீர் குடித்திருந்தான். இனி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கீழே நாற்பத்தெட்டுக் கிலோ நடந்தது. அவன் தொடைகள் தாமாக இறுகி இறுகித் தளர்ந்தன. ஒரு ஈரான் பையனும் ஒரு மங்கோலியப் பையனும் மோதிய ஆட்டத்தை அவன் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனான். "கால வுட்டான். ஆங், புடி. வுடாத." நீல உடுப்புப் போட்ட மங்கோலியன்தான் முன்னால் இருந்தான். கடைசி நிமிடத்தில் ஈரான் பையன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டுத் தோளை மெத்தையோடு அழுத்திவிட்டான். தோற்றவன் எழுந்து, சுற்றிலும் பார்த்தான். எங்கே போவது என்று யாராவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மண்டித் தராசு," என்று ஆரம்பித்தேன். "அந்தக் குண்டுல..."

"தெரியும்," என்றான்.

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து. உனக்குத் தெரியாதா இன்னா?"

"தெரிஞ்சுமா அதுல ஏறினே?"

கீழே அடுத்த இருவர் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். மழித்த தலையில் நாவிதரின் கத்தி கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

"அது மூட்டைக்குத்தானேன்னு நெனச்சேன்ணா. நமக்கு சரியா காட்டும்னு நெனச்சேன்."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன் என்பது அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வருடக்கணக்காய் அந்தத் தராசு போட்ட சோற்றைத் தின்றவர்கள் நாங்கள். எங்களை அது எப்படிக் கடிக்கும்?

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சாயங்காலம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மண்டி. பார்த்துவிட்டார்கள்.

"மொட்டை இன்னாடா? திருப்பதி வழியா வந்தியா?"

"இன்னா ஆச்சு, அதச் சொல்லு."

நைனா கடைசி மூட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் குண்டின்மேல். நிமிரவில்லை. அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரும் நின்றார். தம்பி ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும்: எடை ஜாஸ்தி. அவ்வளவு பேரும் தராசைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியாது.

"தோத்துட்டேன்," என்றான்.

"யாருகூட?"

"ஈரான்காரன். கடைசி நிமிஷம் வரிக்கும் நாந்தான் லீடு. இடுப்பப் புடிச்சித் தூக்கிட்டான்."

தோளைக் காட்டினான். மெத்தையில் அழுந்திய இடம் என்றான். இரண்டு பேர் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஈரான்காரன் எப்படி இருப்பான், என்ன தின்பான், எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். மொட்டைக்கும் வைத்திருந்தான்: முடியைப் பிடித்துவிடுவார்களாம், அங்கே அப்படித்தானாம். கீழ்பென்னாத்தூர்க்காரர் அவன் முதுகில் தட்டி, "பரவால்லடா, டெல்லி வரிக்கும் போயி நின்னுட்டு வந்தியே," என்றார். நைனா மூட்டையின் எடையைச் சொல்ல மறந்து நின்றார்.

வீட்டில் கால் கழுவும் இடத்தில் நைனா என்னைத் தனியாகப் பிடித்தார். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எவ்ளோ ஜாஸ்தி?"

"மொதல்ல ஒண்ணே கால் கிலோ. கடசியில நானூறு கிராம்."

சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "பஸ் ஸ்டாண்டுல சொல்லிடலாம்னுதான் வந்தேன். உங்கம்மா பக்கத்துலயே நின்னா." கொஞ்சம் கழித்து, "சோறு துன்னானா?" என்றார்.

மறுநாள் மண்டிக்குப் போனார். அதற்குப் பிறகும் பல வருடம் போனார். தம்பி குஸ்திக்குப் போகவில்லை. தோள் வலி என்றான். ஊரும் நம்பியது, அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்த ஊர்தானே. மின்வாரியத்தில் வேலை கிடைத்து, வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டி, கல்யாணமும் ஆனது. எங்கே நான்கு பேர் கூடினாலும் யாராவது ஒருவர் அந்த ஆட்டத்தைக் கேட்பார். அவன் சொல்வான். நைனா இருந்தவரைக்கும் எனக்கு அது புரிந்தது. அவர் போன பிறகு நின்றுவிடும் என்று காத்திருந்தேன். மண்டியும் போய்விட்டது, அந்த இடத்தில் செல்போன் கடை. இனி யாரைக் காப்பாற்ற? ஆனால் அவன் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத் தோற்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். கேட்கும்போது சில சமயம் எனக்கே கை தட்டத் தோன்றுகிறது. சில சமயம் எழுந்துபோய் வாசலில் நின்றுவிடுகிறேன்.

போன மாதம் அவன் மகள் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். தலைப்பு, என் அப்பாவின் போட்டி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "பெரியப்பா, நீங்க நேர்ல பாத்தீங்கதானே? அப்பா என்ன கலர் டிரெஸ்ஸு?" என்றாள்.

"நீலம்," என்றேன் நான். அந்த மங்கோலியப் பையனை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

"செவப்பு," என்றான் தம்பி, அதே நொடியில்.

அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நோட்டைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கலர் வரும் இடத்தைக் காலியாக விட்டு, அவள் அடுத்த வரிக்குப் போனாள்.