அண்ணி போட்ட பிரேக்

எங்கள் அண்ணி நகரப் பேருந்து ஓட்டுபவர். அடைமழையிலும் நெரிசலிலும் அவர் ஓட்டும் வண்டி குலுங்காது. நின்றுகொண்டு வரும் கிழவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மறந்துவிடுவார்கள். அதே அண்ணி வீட்டுக்குள் வந்தால் டம்ளர் உடையும், சாஸர் உடையும். ஒருமுறை வாஷ்பேசினே உடைந்தது. ‘உடைசல்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். கொழுந்தனுக்கு அந்த உரிமை உண்டு. அண்ணியும் சிரித்துக்கொள்வார்.

அவருக்குச் சிரிப்பு வராத ஒரே விஷயம், கூடத்துக் கண்ணாடி அலமாரி.

அதற்குள் நான்கு பீங்கான் பொம்மைகள், அம்மாவின் தாத்தா காலத்துக்கும் முந்தியவை. பூக்கூடைக்காரி வசந்தம். கதிர்க்கட்டு சுமப்பவள் கோடை. திராட்சைக் குலையோடு நிற்கும் வாலிபன் இலையுதிர்காலம். கணப்பில் கை நீட்டிக் குளிர்காயும் தாடிக்கிழவன் குளிர்காலம். விரல்கள் ஒவ்வொன்றும் தீக்குச்சி முனை அளவுதான். இத்தனை காலத்தில் ஒரு விரல்கூடப் போகாததில் அம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பருவம் மாறும்போது அந்தப் பருவத்துக்குரிய பொம்மையை அம்மா முன்வரிசைக்குக் கொண்டுவருவார். நாங்கள் எல்லோரும் கூடத்தில் கூட வேண்டும். அண்ணி மட்டும் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது.

கல்யாணமான புதிதில், துடைத்து வைக்கட்டுமா என்று அண்ணி கேட்டதற்கு, தள்ளி நின்றாலே போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதன் பிறகு அண்ணி கேட்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: “அறுபது பேர் உசுரை நம்பி என்கிட்ட குடுக்கறாங்க தம்பி. இந்த வீட்ல ஒரு பொம்மையைக் குடுக்க மாட்டேங்கறாங்க.”

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டு மாமியார் எதையும் உடைத்ததே இல்லை. ஆகவே அந்தப் பழமொழிக்கு எங்கள் வீட்டில் பாதி வேலைதான்.

இந்த வருஷம் குளிர் தொடங்கிய அன்று அம்மாவுக்கு முழங்கால் வலி. தான் எடுத்துத் தருவதாக அண்ணன் சொன்னதற்கு, நான் இன்னும் செத்துப்போய்விடவில்லை என்று முக்காலியில் ஏறிவிட்டார். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியிருந்தார். முக்காலி ஆடுவதைப் பார்த்ததும் உத்தரவை மீறிப் பக்கத்தில் போய் நின்றார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லத் திரும்பியதில் அம்மாவின் நிலை தடுமாறியது. கையில் எடுத்திருந்த பீங்கான் கிழவன் நழுவினான்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உடையும் சத்தம் கேட்கவில்லை.

திறந்தபோது, அண்ணியின் இரண்டு கைகளும் அம்மாவின் இடுப்பைத் தாங்கியிருந்தன. பிரேக்கை மிதிக்கும் அந்த வலது கால் முன்னால் நீண்டிருந்தது. அதன்மேல் விழுந்து, கம்பளத்தில் உருண்டு, கிழவன் மல்லாந்து கிடந்தான். கணப்பும் இருந்தது, பத்து விரலும் இருந்தன. அண்ணியின் கால் பெருவிரல்தான் வீங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவை இறக்கி உட்கார வைத்தோம். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை ரெண்டும் என்னைத்தானே பிடிச்சிருந்துது. கால் எப்படிம்மா போச்சு?”

“தெரியல அத்தை. யாராவது குறுக்கே வந்தா அது தானா போயிடும்.”

அம்மா இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார். “கிழவனை நீயே எடுத்து வை. நல்லா முன்னாடி வை.”

அண்ணி சீருடையில் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். நொண்டிக்கொண்டே போய்க் கிழவனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை.

வசந்தம் வந்தது. நாங்கள் கூடத்தில் கூடினோம். அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். அண்ணி பூக்கூடைக்காரியை முன்னால் கொண்டுவந்து, அலமாரியைப் பூட்டி, சாவியைச் செருகிக்கொண்டு, தேநீர் எடுத்துவர உள்ளே போனார். உள்ளே ஏதோ விழுந்து நொறுங்கியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“டம்ளர்தானே உடைஞ்சுது, பேசாம இரு. இந்த வீட்ல பருவத்தையே மாத்தறவ அவ.”