அரிசி டின்னுக்குள் ஒரு சிவப்புக் கோடு

2009 ஆகஸ்ட் 9, ஞாயிறு, மாலை நாலரை மணி. விடுதி அறைத்தோழி பூசிய நகச்சாயத்தின் மணம் என்னை ஓசூர் வீட்டுக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பரான அப்பா, அம்மாவின் நகச்சாயத்தால் அரிசி டின்னுக்குள் கோடு போட்டிருந்தார்.

"அரிசி கோட்டுக்கு வந்தா சொல்லு. ரெண்டே நாள்ல மூட்டை வந்துடும்."

ஒருமுறை, சொல்லியும் பந்த்தினால் மூட்டை வரவில்லை. பஸ் இல்லாமல் அப்பாவின் சகஊழியர்கள் ஐவர் சாப்பிட வந்துவிட்டார்கள். டின்னில் இரண்டு ஆழாக்குதான் இருந்தது. அப்பாவின் முகம் வாடியது.

"உங்க கோட்டுக்கு பந்த் தெரியுமாங்க?" என்றபடி அம்மா கட்டிலடியிலிருந்து ஓர் அரிசிப் பையை இழுத்தார்.

"ஸ்டாக்க மறைச்சா மெமோதான்!"

"மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் குடுங்க."

மறுநாள் அப்பா கோட்டை இரண்டு விரல் உயர்த்தினார்.

அறைத்தோழியிடம் அந்தச் சாயத்தை வாங்கி, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பாவில், பொடிக்கு இரண்டு விரல் மேலே கோடு போட்டேன். சரக்கு கோட்டுக்குக் கீழே போய்விட்டதென்று உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.