லோக்கல் சாமான்

டிவியில் கறுப்பு நிறத்தை வரவழைப்பதுதான் என் உத்தியோகம். சொன்னால் சிரிக்கிறார்கள். எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சம் கசிந்து கறுப்பு சாம்பலாகிவிடும். படத்தில் இருட்டான இடம் எதுவோ, அதன் பின்னால் இருக்கும் விளக்குகளை மட்டும் தணிப்பதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். ஆளில்லாத அறையில் லைட்டை அணைக்கிற மாதிரிதான். அதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைத்திருக்கிறார்.

விளக்குகளைத் தணிக்க நான் எழுதிய முறையை வைத்துக்கொள்வதா, தூக்கிப்போடுவதா என்று மாதக் கடைசியில் ஆபீசில் முடிவு செய்வார்கள். அதுவரை வீட்டில் ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை டிவி கொடுத்தார்கள். ஊரின் பழைய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். குறை சொல்வதில் அப்பாவைவிடத் தேர்ந்தவர் எனக்கு எங்கே கிடைப்பார்?

"கதகளி பாத்தேன். கறுப்பே இல்லைடி. சாம்பலைக் கரைச்சுத் தெளிச்சாப்பல இருக்கு" என்றார் முதல் நாளே.

தினமும் காலையில் முறையின் கணக்கை மாற்றி பென்டிரைவில் ஏற்றிவிட்டு, கழக்கூட்டம் ஆபீசுக்கு பஸ் பிடிக்க ஓடுவேன். உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. திரும்பி வந்து கேட்டால், "அதே சாம்பல்தான், கேட்டியோ" என்பார். மூன்று வாரம் இதே பாட்டு. எனக்கு ஏற்கெனவே பொறுமை கம்மி. கடைசியில் மேலாளரிடம் நானே போய், "வீட்டில் தேறவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அழுகையாக வந்தது.

முடிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறந்தேன். லோக்கல் டிம்மிங்: ஆஃப்.

"யாருப்பா இதை ஆஃப் பண்ணினது?"

"நான்தான். வந்த அன்னிக்கே."

"ஏன்?" என்று கத்தினேன்.

"லோக்கல்னு எழுதியிருக்கேடி! என் பொண்ணு பண்ற டிவில லோக்கல் சாமான் எதுக்கு? அடுத்தாத்து மாமா பாத்தா என்ன நினைப்பார்?"

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் 'என் பொண்ணு பண்ற டிவி' என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழைய கணக்கையே திரும்ப ஏற்றி, ஆன் செய்தேன். கதகளி மேடையில் விளக்கு மட்டும் எரிந்தது. சுற்றிலும் நல்ல கறுப்பு. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதல்லவோ கறுப்பு!"

"இதுதான்ப்பா லோக்கல்."

"போடி. லோக்கல்ல இவ்வளவு கறுப்பு வருமோ?"

மறுநாள் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. என் முறை பிழைத்துக்கொண்டது. மெனுவில் அந்தப் பெயரையும் மாற்றலாம் என்றேன், அதற்கு அவர் ஒப்பவில்லை. சோதனை டிவியை எங்கள் வீட்டிலேயே விட்டுவைத்தார்கள்; அதில் மட்டும் நானே மாற்றிவிட்டேன்: ஃபாரின் டிம்மிங்.

இப்போது அடுத்தாத்து மாமா வந்தால் அப்பா முதலில் மெனுவைத்தான் திறந்து காட்டுகிறார். "முழுக்க ஃபாரினாக்கும்" என்கிறார். "என் பொண்ணே பண்ணினது."