போறேன் என்று சொல்லச் சொன்னவர்

கால் முறிந்து நான் நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வார்டில் ஒரு நர்சம்மா இருந்தார். நெடுநெடுவென்ற உருவம். வெள்ளைச் சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அவர் வந்தால், முனகிக்கொண்டிருப்பவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள்.

குணமாகிக் கிளம்புகிறவர்கள் வாய்ப்பழக்கத்தில் "போயிட்டு வாரேனுங்க" என்பார்கள். உடனே வாசலை மறித்துக்கொள்வார்.

"ஏனுங்க, மறுபடியும் எதுக்கு வாரீங்க? போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

போறேன் என்றால் ஒரேயடியாகப் போய்விடுவது போல அல்லவா? யாருக்கும் அது லேசில் வாயில் வராது. நானும் திக்கித் திணறித்தான் சொன்னேன்.

அடுத்த மாதமே அவரை ஏற்காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மலைமேல் சின்ன ஊர், பல் கிட்டிப்போகும் குளிர் என்றார்கள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பரமத்தி வேலூர் வெற்றிலைத் தோட்டக்காரர் முன்பே வந்து, அவருக்கு ஒரு கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

சேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நர்சம்மா எங்களைப் பார்த்து, "போறேனுங்க" என்றார். பழக்கமோ, குறும்போ, தெரியவில்லை.

தோட்டக்காரர் விடுவிடுவென்று போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். "வாரேன்னு சொல்லுங்கம்மா. அப்பத்தான் வண்டி நகரும்."

டிரைவர் ஹாரனை அமுக்கிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. நர்சம்மா கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "வாரேனுங்க" என்ற பிறகுதான் தோட்டக்காரர் வழிவிட்டார்.

சொன்னபடி வந்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவரிடமே போறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன், மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?